மலைச்சரிவும் மக்கள் அரசியலும்: இடுக்கி மலைநாட்டு அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

மலைச்சரிவில் வீதி வெட்டுவதும் விடுதி கட்டுவதும் பொறியியலாளரும் புவியியலாளரும் தீர்த்துவைக்க வேண்டிய பிரச்சினைகளாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகின்றன. சரிவின் சாய்வு என்ன, மண்ணின் ஆழம் எவ்வளவு, மழை எத்தனை மில்லிமீற்றர் என்ற வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டால் எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பது தானே தெளிவாகிவிடும் என்ற நம்பிக்கை இவ்வாறு நோக்குவதன் அடியில் உள்ளது. ஆயின், ஆபத்து எங்கே உள்ளது என்பது நன்கு தெரிந்த பின்னரும் அங்கே கட்டடங்கள் எழுவதையும் மனிதர் குடியிருத்தப்படுவதையும் நாம் கண்டுவருகிறோம். 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுள் புதையுண்டபோது, அவ்விடம் வாழத் தகாதது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஏற்கனவே எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது; நிலம் இருக்கவில்லை. லயனிலிருந்து எழுந்து செல்வதற்குத் தொழிலாளிக்கு வேறோரிடம் இருக்கவில்லை.

இந்த இடைவெளி, அதாவது அறிவுக்கும் நிலத்துக்கும் இடையிலான தூரம், எவ்வாறு உருவாகிறது என்பதை விளங்கிக்கொள்ளக் கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டம், சிறப்பாக மூணாறு, தேவிகுளம் பகுதிகள், நமக்குப் பெரிதும் உதவும். மலையைக் காக்கவேண்டும் என்ற கோரிக்கை அங்கே தேர்தல் அரசியலுக்குள் நேராகவே நுழைந்தது. 2006இல் கேரள மக்கள் திரண்டெழுந்து சூழல் காக்கும் அரசியல்வாதி எனத் தாம் கருதிய ஒருவருக்காகக் குரல் கொடுத்து அவரை முதலமைச்சராக்கினர். எட்டு ஆண்டுகள் கழித்து, அதே மலைகளின் மக்கள் திரண்டெழுந்து, சூழல் காக்க முனைந்த இன்னொரு அரசியல்வாதியை அரங்கிலிருந்து அகற்றினர். இரண்டுமே மக்கள் இயக்கங்கள். முதலாவதை முற்போக்கு என்றும் இரண்டாவதைப் பிற்போக்கு என்றும் பெயரிட்டு ஒதுங்கிவிடுவது எளிது. அவ்வாறு செய்வோர் இவ்விரண்டிலும் இடம்பெறாத மூன்றாவது கூட்டத்தினரைக் காணத் தவறிவிடுவர் என்பதே எமது கருத்து.

முதலில் நிலத்தின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். ஆனைமுடி உள்ளிட்ட உயர்மலைகளின் சரிவுகளில் கடினப் பாறையின் மேல் மண்போர்வை ஒன்று கிடக்கின்றது. தென்மேற்குப் பருவமழையின்போது நீர் மண்ணுள் இறங்கிப் பாறையில் தடைப்பட்டுத் தேங்குகின்றது. மண்ணின் எடை கூடுகின்றது. மண்துகள்களைப் பிணைத்து வைக்கும் பிடிப்புக் குறைகின்றது. மேலே ஆழவேரூன்றிய மரங்களும், நடுவே நீரைக் கொண்டுசெல்லும் சிற்றோடைகளும், கீழே சரிவைத் தாங்கிநிற்கும் அடிப்பகுதியுமே இம்மண்போர்வையை நிலைநிறுத்துவன. வீதி அகலிப்போரும் விடுதி கட்டுவோரும் இவை மூன்றையுமே தொடுகின்றனர். வாகனத் தரிப்பிடத்துக்காகச் சரிவின் அடியை நிமிர்த்தி வெட்டுகின்றனர். கோடையில் வரண்டு கிடக்கும் ஓடையை வெற்று நிலம் எனக் கருதி நிரவுகின்றனர். மூணாறிலிருந்து போடிமெட்டு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், காப் ரோட் எனப்படும் பகுதியில், அகலிப்பு வேலையின்போது 2019இலும் 2020இலும் பாறையும் மண்ணும் பெருமளவிற் சரிந்தமை இதற்கு நல்ல உதாரணமாகும்.

மலை அங்குள்ளோரை எச்சரிக்காமல் விட்டதில்லை. 1924 யூலையில் நேர்ந்த பெருவெள்ளமும் மண்சரிவுகளும் மூணாற்றைச் சிதைத்தன. அங்கே ஓடிய சிறு புகையிரதப் பாதை மீண்டும் அமைக்கப்படவேயில்லை. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் கேரளத்து முதியோர் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே குறித்தனர். மதிகெட்டான் சோலை என்ற காட்டின் பெயரும் கவனிக்கத்தக்கது. புகுந்தவன் வழிதப்பி மதிகெட்டுப் போவான் என்பது அப்பெயருக்குத் தரப்படும் விளக்கம். இம்மலைகளின் ஊர்ப்பெயர்கள் பலவும் தமிழர்க்கு உரை வேண்டாதவை: பெட்டிமுடி, குட்டியாறு, பாப்பாத்திச்சோலை.

இனி, நிலவுடைமை வரலாற்றுக்கு வருவோம். இதனைச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது. பின்னர் நிகழ்ந்தவற்றின் திறவுகோல் இங்கேதான் உள்ளது. 1877இல் பூஞ்ஞார் அரசரிடமிருந்து ஜோன் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைச் சலுகையாகப் பெற்றுக்கொண்டார். பின்னர் தேயிலை வந்தது. தேயிலையோடு திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து வரண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். இலங்கை மலையகத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிய கதையன்று. நாம் லயன் என்பதை அவர்கள் லயம் என்கின்றனர் என்பது தவிர ஏனையவை பெரிதும் ஒன்றே.

இரண்டாவது குடியேற்றம் வேறு வகையானது. உணவு உற்பத்தியைப் பெருக்குதல் என்ற பெயரில் 1940களிலிருந்து திருவிதாங்கூர்ச் சமவெளியின் மலையாள விவசாயிகள், பெரும்பாலும் கிறித்தவர், மலையேறிக் காடு வெட்டிப் பயிர்செய்யத் தொடங்கினர். தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கவேண்டும் என்ற போராட்டம் வலுத்திருந்த 1950களின் நடுப்பகுதியில், பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு அங்கே திட்டமிட்டுக் குடியேற்றங்களை நிறுவியது. குடியேற்றமும் எல்லை அரசியலும் எவ்வாறு பிணைந்திருக்கும் என்பதை நமது வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை. ஆயினும் அக்குடியேற்றவாசிகளை வெறும் ஆக்கிரமிப்பாளராகக் காண்பதும் தவறாகும். அவர்களை வரவழைத்த அரசே 1961இல் இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோயில் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் கிளப்பிக் குமுளிக்கு அண்மையிலுள்ள அமராவதியிற் கொட்டும் மழையில் விட்டது. ஏ. கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். கத்தோலிக்க குருவான வடக்கன் அடிகள் பொதுவுடைமைவாதியான அவரோடு இணைந்து நின்றார். ‘குடியிறக்கு’ என்ற சொல் அன்று முதல் இடுக்கி விவசாயியின் செவியில் அச்சந்தரும் சொல்லாக நிலைத்தது. 1977 சனவரி 1க்கு முன் குடியேறியோரின் நிலத்துக்கு உரிமை வழங்கலாம் என்ற முடிவு வந்த பின்னரும், நாம் உறுதி என்கின்ற பத்திரத்துக்காக, அங்குள்ளோர் மொழியிற் பட்டயத்துக்காக, பல்லாயிரம் குடும்பங்கள் பல தசாப்தங்கள் காத்திருந்தன.

மூன்றாவதாக நிலச்சீர்திருத்தம். கேரளத்தின் நிலச்சீர்திருத்தச் சட்டம் 1970 சனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, நிலப்பிரபுவின் காணியிற் குடிசை போட்டிருந்த ‘குடிகிடப்புகாரர்’ தம் குடிசையையும் சுற்றியுள்ள சில சென்று நிலத்தையும் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை பெற்றனர். ஆசியாவில் அதுபோன்ற சட்டங்கள் சிலவே. ஆனால் பெருந்தோட்டங்கள் நில உச்சவரம்பிலிருந்து விலக்களிக்கப்பட்டன. தோட்ட லயத்தில் வாழ்ந்தவர் குடிகிடப்புகாரராகக் கருதப்படவில்லை. 1971இல் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தின் மூலம் அரசு அந்நிலங்களைத் தன் உடைமையாக்கிப் பின்னர் 57,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பைக் கொம்பனிக்கே விட்டுக்கொடுத்தது. இலங்கையில் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கியும் லயன்வாசிகளுக்கு நிலம் வழங்காது விட்டமையை இதனோடு ஒப்பிடுக. ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில், கடலின் இரு கரைகளிலும், இடதுசாரிகள் பங்கேற்ற அரசுகளின் கீழ், ஒரே கூட்டத்தினர் ஒரே விதமாகக் கைவிடப்பட்டனர்.

இப்பின்னணியில் கேரளத்தின் சூழல் இயக்கத்தை நோக்குவோம். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதற்கு எதிராக 1970களின் பிற்பகுதியில் எழுந்த இயக்கம் பலராலும் போற்றப்படுவது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தினரும் சுகதகுமாரி போன்ற கவிஞரும் அதன் முன்னணியில் நின்றனர். 1984இல் அக்காடு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றியின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: அப்பள்ளத்தாக்கில் எவரும் ஏர் பிடித்திருக்கவில்லை, எவரும் பட்டயத்துக்காகக் காத்திருக்கவில்லை. காட்டைக் காப்பதால் மின்சாரத்தை இழக்கலாம் என்ற வாதம் மட்டுமே எதிரே நின்றது. இடுக்கியிலோ ஒவ்வொரு சரிவிலும் ஓர் உறுதியோ உறுதிக்கான எதிர்பார்ப்போ ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலாவதிற் கற்ற பாடத்தை இரண்டாவதில் அப்படியே பொருத்த முனைந்ததே சூழல் இயக்கத்தினரின் முதல் இடறல்.

வீ. எஸ். அச்சுதானந்தன் இவ்வியக்கத்தின் வழியே வந்தவரல்லர். 1923இற் புன்னப்பிராவிற் பிறந்து, கயிற்றுத் தொழிற்சாலையில் வேலைசெய்து, பி. கிருஷ்ணபிள்ளையால் குட்டநாட்டின் விவசாயக் கூலிகளைத் திரட்ட அனுப்பப்பட்டவர். 1964இல் கொம்யூனிஸ்ட் கட்சியின் தேசிய சபையிலிருந்து வெளியேறிய முப்பத்திருவருள் ஒருவர். 1990களின் பிற்பகுதியில், நெல்வயல்களை நிரவிப் பணப்பயிர் நடுவதற்கு எதிராக விவசாயத் தொழிலாளர் சங்கம் நடத்திய ‘வெட்டிநிரத்தல்’ போராட்டத்தோடு அவர் பெயர் இணைக்கப்பட்டது. வயலில் நட்ட வாழையையும் தென்னையையும் வெட்டிச் சாய்த்த அப்போராட்டத்தைப் பத்திரிகைகள் காட்டுமிராண்டித்தனம் என்றன. அதன் அடிப்படை நேரானது: நெல்வயல் போனால் விதைப்பும் களையெடுப்பும் அறுவடையும் போகும், கூலிக்காரரின் வேலைநாட்கள் போகும். வயல் காப்பாற்றப்படுவதால் நிலத்தடி நீரும் காப்பாற்றப்பட்டது என்பது அதன் உடன்விளைவு. சூழலும் கூலியும் ஒரே கோரிக்கையில் இணைந்திருந்தன என்பதை நாம் இங்கே வற்புறுத்த விரும்புகிறோம்.

2001 முதல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது அவருடைய அரசியல் விரிவடைந்தது. 2002இல், எண்பது வயதை அண்மித்த நிலையில், ஏலக்காய்த் தோட்டக்காரர் ஆக்கிரமித்திருந்த மதிகெட்டான் சோலைக்குக் காடேறிச் சென்றார். அடுத்த ஆண்டு அக்காடு தேசிய பூங்காவாக்கப்பட்டது. பிளாச்சிமடையிற் குளிர்பானத் தொழிற்சாலைக்கு எதிராகப் போராடிய ஆதிவாசிகளின் பக்கம் நின்றார். 2006 தேர்தலில் மாநிலக் கட்சித் தலைமை அவரை வேட்பாளராக நிறுத்துவதில்லை எனத் தீர்மானித்தபோது கட்சித் தொண்டரும் கட்சி சாராதோரும் மாநிலத்தின் பல பாகங்களில் ஊர்வலம் சென்றனர், சுவரொட்டிகள் ஒட்டினர். கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன ஒரு கட்சியின் முடிவைத் தெருவில் நின்றோர் மாற்றியமைத்தது அரிதான நிகழ்ச்சியாகும். அரசியற்குழு தலையிட்டது, அவர் மலம்புழையிற் போட்டியிட்டு வென்று, மே மாதத்தில் முதலமைச்சரானார்.

மறு ஆண்டு மே மாதம் மூணாறு நடவடிக்கை தொடங்கியது. கே. சுரேஷ்குமார், ரிஷிராஜ் சிங், ராஜு நாராயணசுவாமி ஆகிய மூன்று அதிகாரிகள் இதற்கெனப் பொறுக்கி எடுக்கப்பட்டனர். பூனை கறுப்போ வெள்ளையோ எலியைப் பிடித்தாற் போதும் என முதலமைச்சர் கூறியதால் அம்மூவருக்கும் பூனைகள் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பயிர்ச்செய்கைக்கும் குடியிருப்புக்கும் என அரசு வழங்கிய நிலத்திலும், வழங்கப்படாமலே வளைத்துக்கொண்ட நிலத்திலும் எழுந்திருந்த பல மாடி விடுதிகளை மண்வாரி இயந்திரங்கள் இடித்தன. கேரளம் முழுவதும் மக்கள் அதனைத் தொலைக்காட்சியிற் கண்டு மகிழ்ந்தனர். இடிக்கப்பட்டவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பத்திரங்களின் தரம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும்: அதிகாரமில்லாத துணைத் தாசில்தார் ஒருவர் 1999இற் கையொப்பமிட்ட 530 பட்டயங்களை அரசு 2022இல்தான் இரத்துச் செய்தது.

நடவடிக்கை சில வாரங்களிலேயே முடங்கியது. கூட்டணிக் கட்சியான இந்திய கொம்யூனிஸ்ட் கட்சியின் மூணாறு அலுவலகத்தின் ஒரு பகுதியையும் இயந்திரம் தொட்டது உடனடிக் காரணம். இடுக்கியின் உள்ளூர்த் தலைவர்களின் எதிர்ப்பும், முதலமைச்சருக்கும் கட்சியின் மாநிலச் செயலாளருக்கும் இடையே நிலவிய பகையும் அதனை விரைவுபடுத்தின. அதே மே மாதத்தில் இருவரும் அரசியற்குழுவிலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்டனர். 2014இற் கேரள உயர்நீதிமன்றம் சில விடுதிகளின் மீதான நடவடிக்கை சட்ட முறைமையைப் பின்பற்றவில்லை எனத் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் பத்திரிகைகள் விரிவாக எழுதியவை. நாம் வேறொன்றைக் கேட்க விரும்புகிறோம். குட்டநாட்டில் இயந்திரம் இல்லை. கூலிகள் தாமே வயலில் இறங்கினர். மூணாற்றில் இயந்திரம் இருந்தது, கூலிகள் எங்கே? விடுதிகளைச் சூழ்ந்த மலைகளெங்கும் வாழ்ந்த பல்லாயிரம் தேயிலைத் தொழிலாளர், இடிக்கப்பட்ட நிலம் அடுத்து யாருக்கு என்ற வினாவோடு அந்நடவடிக்கையில் இணைக்கப்படவில்லை. அவர்கள் பார்வையாளராகவே நின்றனர். தலைநகரிலிருந்து வந்த மூவர் திரும்பிச் சென்றதும் நடவடிக்கையைத் தாங்கிநிற்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

இரண்டாவது கதைக்கு வருவோம். மத்திய அரசு 2010இல் அமைத்த, மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு 2011 ஓகஸ்டில் மேற்குத் தொடர்ச்சி மலைகள் பற்றிய அறிக்கையைக் கையளித்தது. அரசு அதனை ஏறத்தாழ ஒன்பது மாதம் மறைத்துவைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்காடிய பின்னரே 2012 மே மாதத்தில் அது வெளிவந்தது. மலைகளை மூன்று தரமாக வகுத்து, மிகுந்த கவனம் வேண்டும் பகுதிகளிற் புதிய மலைவாசத்தலங்கள் கூடா, பொது நிலத்தைத் தனியாருக்கு மாற்றலாகாது, நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட சாய்வில் ஆண்டுப்பயிர் செய்வதைத் தவிர்த்து நிலைபயிருக்கு மாறவேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. எல்லைகளைக் கிராமசபைகளே விவாதித்து முடிவுசெய்ய வேண்டும் என்பதும் அதில் இருந்தது. எவரையும் குடியெழுப்ப வேண்டும் என்று எங்கும் கூறப்படவில்லை. ஆனால் ஒன்பது மாதம் ஒளித்துவைத்த அறிக்கையை, அதுவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒன்றை, 1961ஐ நினைவில் வைத்திருக்கும் விவசாயி நம்பவேண்டும் என எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம்? கஸ்தூரிரங்கன் குழு 2013இற் பரிந்துரைகளைத் தளர்த்தி, கேரளத்தின் 123 கிராமங்களைக் குறிப்பிட்டது. கிராமசபை என்ற சொல் பின்தள்ளப்பட்டு, செய்மதிப் படமும் கிராமப் பட்டியலும் முன்வந்தன. தளர்த்தப்பட்ட அறிக்கையே கூடுதலான கோபத்தை எழுப்பியது என்பது வியப்புக்குரியதன்று.

இடுக்கியில் மறைமாவட்டத்தின் ஆதரவோடு உயர்மலைப் பாதுகாப்புக் குழு இயங்கியது. 2013 நவெம்பரில் இடதுசாரி முன்னணி மாநில ஹர்த்தாலுக்கு அழைத்தது. வடக்கே தாமரசேரியில் வன அலுவலகம் எரிக்கப்பட்டது. விவசாயியின் நியாயமான அச்சத்தின் பின்னே கற்குழி முதலாளியும் விடுதி முதலாளியும் ஒளிந்துகொண்டனர் எனப் பலர் எழுதியுள்ளனர். அது உண்மையே, எனினும் ஒளிந்துகொள்வதற்கு அங்கே ஓர் உண்மையான அச்சம் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவ்வேளையில் இடுக்கியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர் காங்கிரஸ் கட்சியின் பி. ரி. தோமஸ். உப்புதோட்டில், கத்தோலிக்க விவசாயக் குடியேற்றத்தின் நடுவிற் பிறந்தவர்; அம்மக்களின் வாக்கினாலேயே 2009இற் பாராளுமன்றம் சென்றவர். காட்கில் அறிக்கை நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்று அவர் தம் தொகுதிக்குள்ளேயே நின்று கூறினார். பாதிரிமார் பங்கேற்க, அவர் உயிரோடிருக்கையிலேயே அவருக்கு இறுதி ஊர்வலம் நடத்தப்பட்டது. 2014இற் கட்சி அவருக்கு இடம் மறுத்தது. பாதுகாப்புக் குழுவின் சட்ட ஆலோசகர் இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாகப் போட்டியிட்டு 50,000 வாக்குகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 2006இல் மலை காக்க விரும்பிய தலைவருக்காக ஊர்வலம் போன முன்னணி இதுதான்.

தோமஸ் பின்னர் எர்ணாகுளம் மாவட்டத்தின் திருக்காக்கரையிற் சட்டமன்ற உறுப்பினரானார். 2021 டிசெம்பர் 22இல் வேலூரிற் காலமானார். அவருடைய உடல் கம்பம்மெட்டு வழியாக மலையேறி இடுக்கியினூடே கொண்டுசெல்லப்பட்டபோது இரவுக் குளிரையும் பொருட்படுத்தாது மக்கள் வீதியோரம் காத்துநின்றனர். அதற்கிடையில் 2018, 2019, 2020ஆம் ஆண்டுகளின் மழைகள் பெய்து முடிந்திருந்தன.

இவ்விரு கதைகளிலும் இடம்பெறாத கூட்டத்தினர் 2015 செப்ரெம்பரில் தாமாகவே அரங்கில் தோன்றினர். கொம்பனி போனசை நூற்றுக்குப் பத்தாகக் குறைத்தபோது தேயிலை கிள்ளும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுத் தெருவில் அமர்ந்தனர். பொம்பிளை ஒருமை என, பாதி தமிழும் பாதி மலையாளமுமாகத் தமக்குப் பெயரிட்டனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரையும் அவர்கள் அண்டவிடவில்லை. ஆயினும் தொண்ணூற்றொரு வயதான அச்சுதானந்தன் வந்தபோது ஆரவாரித்து வரவேற்றுத் தம்மிடையே அமர்த்திக்கொண்டனர். 2007இல் அவருடைய இயந்திரங்களைத் தொலைவில் நின்று பார்த்தவர்கள், அவர் தாமாகத் தம்மிடம் வந்ததும் இடம் கொடுத்தனர். அவர்களுடைய கோரிக்கைகளில் போனசும் நாட்கூலியும் முன்னே நின்றன. லயத்தின் நிலையும் பேசப்பட்டது. ஓய்வுபெற்றதும், குடும்பத்தில் வேறெவரும் தோட்டத்தில் வேலைசெய்யாவிடின், லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்ற வழக்கம் அப்படியே இருந்தது.

2020 ஓகஸ்ட் 6ஆந் திகதி இரவு பெட்டிமுடியில் மேலேயிருந்த காட்டுச்சரிவு உடைந்து, ஓடையின் வழியே பாறைகளோடு இறங்கி நான்கு வரிசை லயங்களை மூடியது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தன. விடிந்த பின்னரே செய்தி வெளியே வந்தது. 2018 வெள்ளத்திற் சிதைந்த பெரியவரைப் பாலத்துக்குப் பதிலாக இடப்பட்டிருந்த தற்காலிகப் பாலமும் அடித்துச் செல்லப்பட்டதால் மீட்போர் தாமதித்தனர். எழுபது பேர் மாண்டனர். அவர்களிற் பலர் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் ஒன்று விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாவும் லயத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு ஐந்து இலட்சமும் அரசு அறிவித்தமை கேரளத்தில் வெகுவாக விமர்சிக்கப்பட்டது.

பெட்டிமுடியின் மேலே விடுதி எதுவும் இருக்கவில்லை. அங்கே எவரும் சரிவை வெட்டவில்லை. ஆகவே இப்பேரிழப்பை விடுதி முதலாளிகளின் கணக்கில் எழுதுவது பிழையாகும். ஓடையின் வழியில் லயத்தை அமைத்தது கொம்பனி. நீருக்கு அண்மையிலும் தேயிலை நட வசதியற்ற ஒடுங்கிய தரையிலும் தொழிலாளரைக் குடியேற்றுவது பெருந்தோட்ட முறையின் பொதுக் கணக்கு. மீரியபெத்தையிலும் இக்கணக்கே இருந்தது. விடுதிகளை இடித்திருந்தாலும் காட்கில் அறிக்கையை எழுத்துக்கு எழுத்து ஏற்றிருந்தாலும் அந்த நான்கு வரிசைகளும் அவ்விடத்திலேயே இருந்திருக்கும். சூழல் அரசியல் தடுப்பதை மட்டும் பேசி, கொடுப்பதைப் பேசாது விடும்போது, சரிவில் வாழ்வோர் அதனைத் தமது அரசியலாகக் கொள்வதில்லை. விவசாயி அதற்கு எதிராக எழுகிறான். தொழிலாளி அதனைத் தன்னைச் சாராத பேச்சு எனக் கடந்துபோகிறாள்.

இடைப்பட்ட காலத்தில் அரசின் போக்கு எத்திசையிற் சென்றது என்பதற்கு இரு நிகழ்ச்சிகளைச் சுட்டலாம். 2017 ஏப்ரலிற் பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தை வளைத்து நாட்டியிருந்த பெருஞ் சிலுவையைத் தேவிகுளத்து உதவி ஆட்சியாளர் அகற்றியபோது முதலமைச்சரே அதனைக் கண்டித்தார். சில மாதங்களில் அவ்வதிகாரி இடமாற்றப்பட்டார். 2023 செப்ரெம்பரிற் சட்டமன்றம் 1960ஆம் ஆண்டு நில ஒப்படைப்புச் சட்டத்தைத் திருத்தியது. பயிர்ச்செய்கைக்கும் வீட்டுக்குமென வழங்கிய நிலத்தில் விதிமீறி எழுந்த கட்டடங்களை ஒழுங்குபடுத்த அத்திருத்தம் வழிவகுத்தது. ஆளுநரின் ஒப்புதல் 2024 ஏப்ரலிற் கிடைத்தது. அதே ஆண்டு யூலை 30ஆந் திகதி அதிகாலை வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. அங்கும் மண்ணுள் புதைந்தவற்றுள் தோட்ட லயங்கள் இருந்தன. 2025 நவெம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி எமது மலையகத்தைத் தாக்கியபோது, ஆபத்தான லயன்களிலிருந்து எழுந்தவர் எங்கே செல்வது என்ற பழைய வினாவே மீண்டும் எழுந்தது.

பெட்டிமுடியில் எஞ்சிய எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாற்றில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. கட்டியது கொம்பனி, நிலம் கொடுத்தது அரசு, குடும்பத்துக்கு ஐந்து சென்று வீதம். நிலச்சீர்திருத்தச் சட்டம் 1970இல் ஊராட்சிப் பகுதியின் குடிகிடப்புகாரனுக்கு வகுத்த அளவு பத்துச் சென்று.